தேநீர் வேண்டாம் என்றவள்

சுவர் நெடுக மர அலமாரி. அலமாரி நெடுகக் கோப்பைகள். மேசைக்கு இந்தப் பக்கம் கறுப்பு உடையில் ஓர் ஆள். எதிரில், சற்று முன்பு செத்துப்போன ஒருவர், தனக்கு என்ன ஆயிற்று என்று இன்னும் முழுசாகப் புரியாமல் உட்கார்ந்திருக்கிறார். கறுப்பு உடைக்காரன் தேநீரை ஊற்றிக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்துகிறான். குடித்தால் இந்தப் பிறவி மறந்துபோகும். அழுகைக்கும் மன்றாட்டுக்கும் அங்கே அதிக நேரம் ஒதுக்குவதில்லை. அடுத்த சீட்டு காத்திருக்கிறது.

'தொக்கேபி' என்ற கொரியத் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது வேறு காட்சிகள்: கடலுக்குள் நீளும் அலைதடுப்புச் சுவர், சிவப்பு மப்ளர், மழையில் நனைந்த பூங்கொத்து, மார்பில் செருகியிருக்கும் வாள். போஸ்டரில் வருவதும் அவைதான். ஆனால் இந்தத் தொடர் சாவைப் பற்றி என்ன நினைக்கிறது, காதலைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதெல்லாம் அந்தத் தேநீர் அறைக்குள்தான் இருக்கிறது. வாளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கோப்பையைத் தவறவிட்டுவிடுவோம். கதை முழுவதையும் உடைத்துத்தான் பேசப்போகிறேன். முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் பதினாறு பகுதிகளையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் அடிப்படைத் தகவல்கள். டிவிஎன் என்ற கேபிள் சானலில் 2016 டிசம்பர் 2 முதல் 2017 ஜனவரி 21 வரை வெள்ளி, சனி இரவுகளில் ஒளிபரப்பானது. எழுதியவர் கிம் உன்சுக், இயக்கியவர் லீ உங்பொக். அதே 2016இல் ராணுவக் காதல் கதை ஒன்றை எடுத்து ஆசியாவையே கட்டிப்போட்ட ஜோடி. கடைசிப் பகுதியின் பார்வையாளர் விகிதம் 20.5 சதவீதம். கொரியாவில் ஒரு கேபிள் தொடர் 20 சதவீதத்தைத் தாண்டியது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு பெக்சாங் விருதுகளில் தொலைக்காட்சிக்கான பெரும்பரிசு எழுத்தாளருக்கும், சிறந்த நடிகர் விருது நாயகன் கொங் யூவுக்கும் போனது. எழுத்தாளருக்குப் பெரும்பரிசு என்பது சும்மா வந்ததில்லை. வசனத்தைவிட, சாவுக்கு அவர் வகுத்த சட்டதிட்டங்கள்தான் இந்தத் தொடரைத் தூக்கி நிறுத்துகின்றன.

தலைப்பிலேயே ஒரு சொல் விளையாட்டு இருக்கிறது. கொரிய மொழியில் முழுத் தலைப்பு 'ஸுல்ஸுல்ஹகோ ச்சல்லான்ஹாஷின்' என்று தொடங்கும். தனிமையும் பேரொளியும் உடைய என்று பொருள். கடைசி அசையான 'ஷின்' சாதாரணமாக ஒரு மரியாதை விகுதி. தலைப்பில் அதைக் கொரிய எழுத்தில் எழுதாமல், தெய்வம் என்று பொருள்படும் சீன எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். நாயகன் பெயரும் கிம் ஷின். ஒரே அசைக்குள் மரியாதை, கடவுள், ஆள் மூன்றும். எந்த சப்டைட்டிலாலும் இதைக் கொண்டுவர முடியாது.

சப்டைட்டில் கெடுக்கும் இன்னொரு இடம், பாத்திரங்களின் வகை. தொக்கேபியை ஆங்கிலத்தில் 'காப்ளின்' என்கிறார்கள். அது பச்சைத்தோல் குட்டிப் பிசாசு. கொரிய நாட்டுப்புறக் கதைகளின் தொக்கேபி வேறு. ரத்தக்கறை பட்ட பழைய துடைப்பமோ உலக்கையோ உயிர்பெற்று அலைவது. ராத்திரியில் வழிமறித்து மல்யுத்தத்துக்குக் கூப்பிடும். பக்வீட் என்ற தானியத்தின் மாவில் செய்யும் கூழ்க்கட்டி அதற்கு உயிர். ஏமாளி, ஆனால் நல்லது செய்தால் நன்றி மறக்காது. தொடரில் அந்த நாட்டுப்புறக் கோமாளியின் மேல் ஒரு தளபதியின் துயரத்தை ஏற்றிவிட்டார்கள். பழையதில் மிஞ்சியவை கொஞ்சம்தான்: சில்லறைத்தனமான கோபம், பொருள்களை வரவழைக்கும் வித்தை, பக்வீட். நாயகிக்குக் கொடுக்கும் வெள்ளைப் பூங்கொத்து பக்வீட் பூதான். அவள் பிறந்தநாள் செப்டம்பர் 13, கொரியாவில் அந்தப் பூ வயலெல்லாம் நிறைந்திருக்கும் மாதம்.

கறுப்பு உடைக்காரனை ஆங்கில சப்டைட்டில் 'க்ரிம் ரீப்பர்' என்கிறது. அரிவாள் ஏந்திய ஐரோப்பிய எலும்புக்கூடு. கொரியச் சொல் 'ஜொசுங்சாஜா'. ஜொசுங் என்றால் மறு உலகம், சாஜா என்றால் தூதன். ஆக, எமதூதன். தமிழில் பார்க்கிறவர்களுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாத இடம் இது. சொல் மட்டும் ஒத்துப்போகிறது என்று நினைக்க வேண்டாம், வேரும் ஒன்றுதான். நம் யமன் பௌத்தத்தோடு சீனம் போய், அங்கிருந்து கொரியாவுக்குள் 'யொம்ரா' ஆகி, மறு உலகின் பத்து அரசர்களில் ஐந்தாமவராக உட்கார்ந்திருக்கிறார். இறந்தவருக்கு ஏழு நாளைக்கு ஒரு விசாரணை. யொம்ராவின் முறை 35ஆம் நாள். 49ஆம் நாளோடு முதல் சுற்று முடியும். அதனால்தான் கொரிய பௌத்தர்கள் இறந்தவருக்கு 49ஆம் நாள் சடங்கு செய்கிறார்கள்.

பழைய கொரியச் சாவு வீட்டின் பழக்கங்கள் இரண்டைத் தெரிந்துகொண்டு பார்த்தால் தொடர் இன்னும் ஆழமாகத் திறக்கும். ஒன்று, அழைப்பு. மூச்சு நின்றவுடன் ஒருவர் இறந்தவரின் மேல்சட்டையை எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏறி, வடக்கு பார்த்து, பெயரைச் சொல்லி, "திரும்பி வா" என்று மூன்று முறை கூவுவார். இரண்டாவது, தூதர் சோறு. வாசலில் மூன்று கிண்ணம் சோறு, மூன்று ஜோடி வைக்கோல் செருப்பு, கொஞ்சம் காசு வைப்பார்கள். வருகிற தூதர்கள் மூன்று பேர் என்று கணக்கு. பக்கத்தில் உப்போ சோயாச் சாறோ இருக்கும். உப்பைத் தின்றால் தாகம் எடுக்கும், தாகம் எடுத்தால் நடை தளரும், கூட்டிப்போகிறவரையும் கொஞ்சம் மெதுவாகக் கூட்டிப்போவார்கள் என்று அதற்கு ஒரு விளக்கம். எமதூதனுக்கு லஞ்சமும் கொடுத்து, காலையும் இடறிவிடுகிற புத்திசாலித்தனம்! பெயர் சொல்லி அழைத்தால் போனவர் திரும்பலாம் என்ற ஆசையும், தூதனோடு பேரம் பேசலாம் என்ற நம்பிக்கையும் 'தொக்கேபி' முழுக்க ஓடுகின்றன. சடங்கைக் காட்டாமல், அதன் உள்ளாசையை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கதை இதுதான். கொர்யோ என்ற பழைய கொரிய அரசின் காலத்துத் தளபதி கிம் ஷின். வென்று வென்று திரும்புகிறவன்மேல் இளம் மன்னன் வாங் யோவுக்குப் பொறாமை. அதை ஊதிப் பெருக்குகிறவன் பார்க் ஜுங்ஹன் என்ற அமைச்சன். (பாத்திரம் கற்பனை என்றாலும் 'வாங்' கொர்யோ அரச குலத்தின் உண்மையான குலப்பெயர்.) தளபதி குடும்பத்தோடு அழிகிறான். வாள் மார்பில் செருகியபடி வயல்வெளியில் கிடக்கிற அவனைத் தெய்வம் எழுப்பி, சாகாதவன் ஆக்குகிறது. போரில் அவன் கொன்ற உயிர்களுக்கான தண்டனை அது; அவனுக்காக வேண்டியவர்களின் பிரார்த்தனைக்குப் பரிசும் அதுவே. 939 வயதில் நாம் அவனைச் சந்திக்கிறோம். அந்த வாளைக் காணவும் உருவவும் முடிந்த ஒரே ஆள், பிறக்கப்போகும் அவனுடைய மணமகள். உருவினால் அவன் சாம்பலாகி ஓய்வான்.

மணமகள் வந்த விதம்தான் எழுத்தாளரின் கைத்திறன். பனி இரவில் வண்டி மோதிவிட்டு ஓடிவிட, சாகக் கிடக்கும் கர்ப்பிணி ஒருத்தியின் குரல் கேட்டு, மனம் கேட்காமல் கிம் ஷின் காப்பாற்றிவிடுகிறான். எமதூதனின் சீட்டில் அன்றைக்கு இரண்டு உயிர். இரண்டுமே கிடைக்கவில்லை. அந்த வயிற்றில் இருந்தவள்தான் ஜி உன்தக். மறு உலக அலுவலகத்தின் பாஷையில் 'கிதா நுராக்ஜா', அதாவது இதர விடுபட்டோர். கணக்கில் வராமல் போன ஓர் உயிர், ரேஷன் கடைப் பதிவேட்டில் விடுபட்ட பெயர் மாதிரி. சாவை இவ்வளவு குமாஸ்தாத்தனமாகக் காட்டுவது முதலில் சிரிப்பாகத்தான் இருக்கும். சீட்டில் பெயர், வயது, நாள், நேரம், காரணம் எல்லாம் அச்சடித்திருக்கும். தூதர்களுக்கு மேலிடம் உண்டு, ஜூனியர் உண்டு, எழுதித் தீர்க்கவேண்டிய காகிதங்கள் உண்டு. ஆனால் சிரிப்புக்காக வைத்த இந்தக் காகிதங்களே பிற்பாடு தொண்டையை அடைக்கின்றன.

இப்போது பொறி. மணமகளாகப் பிறந்தவள் வாளை உருவாவிட்டால் பிறந்த காரணம் நிறைவேறாததால் சாவு அவளைத் திரும்பத் திரும்பத் தேடிவரும், ஒவ்வொரு முறையும் முன்னைவிட வலுவாக. பனிச்சறுக்கு விடுதிக் கிடங்கில் குளிரில் உறைந்து கிடப்பது அப்படி ஒரு முறை. உருவினால் அவன் போய்விடுவான். ஒருவர் ஆயுள் மற்றவர் சாவு. நோய் வைத்து அழவைக்கும் கொரியத் தொடர்கள் ஏராளம். 2000களின் தொடக்கத்தில் ரத்தப்புற்றுநோய் இல்லாத காதல் கதையைத் தேட வேண்டியிருந்தது. நோயில் காதலர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை, காத்திருக்கத்தான் முடியும். இங்கே ஒவ்வொரு நாளும் ஒரு முடிவு. அன்போடு ஒரு நாளை நீட்டிக்கிற ஒவ்வொரு முறையும் எதிராளியின் ஆபத்தைக் கூட்டுகிறார்கள். காதல் காட்சிகளில் வரும் அசட்டுத்தனங்களைப் பொறுத்துக்கொள்ள முடிவது இந்தக் கணக்கு பின்னால் ஓடிக்கொண்டே இருப்பதால்தான்.

மறதிக்கு வருவோம். தொடரின் சட்டப்படி மனிதருக்கு நான்கு பிறவி: விதைப்பது, நீர் ஊற்றுவது, அறுப்பது, அறுத்ததை அனுபவிப்பது. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு கோப்பைத் தேநீர். மறதி இங்கே கருணை. குற்றம் செய்து வந்தவனுக்குத் தூதன் தேநீர் தருவதில்லை. செய்தது எல்லாம் ஞாபகத்தோடு போகட்டும் என்று விட்டுவிடுகிறான். அப்படிப் பார்த்தால் கிம் ஷினுக்கு என்ன தண்டனை? சாகாமை என்று சொல்லிவிடலாம். கூர்ந்து பார்த்தால், 900 ஆண்டுகளாக அவனுக்குக் கோப்பை கிடைக்கவில்லை என்பதே தண்டனை.

கியூபெக் நகரத்துக் குன்று இதைச் சொல்லாமல் சொல்கிறது. முதல் பகுதியின் முடிவில் உன்தக் ஒரு கதவு வழியாக அவனைப் பின்தொடர்ந்து நேராகக் கனடாவுக்குள் நுழைகிறாள். பார்க்கிறவர்கள் சிவப்புக் கதவையும் ஷாத்தோ ஃப்ரொன்டெனாக் ஓட்டலையும் பார்த்து மயங்குவார்கள். 1893இல் திறந்த கட்டடம், கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அந்த ஓட்டலைப் பார்த்தபடி இருக்கும் புல்மேட்டில் வரிசையாகச் சில கல்லறைகள். அவனுக்குத் தலைமுறை தலைமுறையாக ஊழியம் செய்தவர்கள். தாத்தா, மகன், பேரன் என்று அவன் கையாலேயே புதைத்தவர்கள். அவனுடைய பெயருக்கும் அங்கே ஒரு கல் உண்டு, கீழே ஆள் இல்லாமல். சியோல் வீட்டில் அவனை "மாமா" என்று கலாய்த்துக்கொண்டு கிரெடிட் கார்டுக்கு அலையும் பணக்காரப் பையன் தொக்வாவின் குடும்பம்தான் அது. அடுத்த கல் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

பக்கக் கதைகளிலும் எழுத்தாளர் கை தவறவில்லை. பேய்களைப் பார்க்க முடிகிற உன்தக்கிடம் இளம்பெண் பேய் ஒன்று ஓர் உதவி கேட்கிறது. அவள் செத்தது ஒரு 'கொஷிவொன்' அறையில். தேர்வுக்குப் படிப்பவர்கள் வாடகைக்கு எடுக்கும் தீப்பெட்டி அறை அது. அம்மா அறையைக் காலிசெய்ய வரப்போகிறாள். ஃப்ரிட்ஜ் வெறுமையாக இருக்கிறது. அதைப் பார்த்தால் அம்மா தாங்க மாட்டாள், கொஞ்சம் நிரப்பி வைப்பாயா என்று கேட்கிறாள். உன்தக் போய் அறையைச் சுத்தம் செய்து ஃப்ரிட்ஜை நிரப்பி வைக்கிறாள். அவ்வளவுதான் காட்சி. மகள் செத்துவிட்டாள் என்பதை எந்தத் தாயாலும் மாற்ற முடியாது. பசியோடு செத்தாளோ என்ற கேள்வியையாவது இல்லாமல் செய்யலாம். தொடரின் எந்த வாள் சண்டையும் இதன் பக்கத்தில் நிற்காது.

இன்னொன்று, பாரிஸ் பையன். தத்துக் கொடுக்கப்பட்ட கொரியச் சிறுவன், வீட்டிலிருந்து ஓடிவருகிறான். கிம் ஷின் அவனுக்கு ஒரு சான்ட்விச் கொடுத்து, தேர்வில் வரப்போகும் ஒரு கேள்விக்கு விடையையும் சொல்லித் திருப்பி அனுப்புகிறான். பல பத்தாண்டு கழித்து, முதியவராகி, வாழ்ந்து முடித்து, அந்தப் பையன் தேநீர் அறையில் உட்கார்ந்திருக்கிறார். சொல்லிக்கொடுத்த விடையை ஏன் எழுதவில்லை என்று கிம் ஷின் கேட்க, தானே கணக்குப் போட்டபோது அந்த விடை வரவில்லை, வராததை எழுத மனம் வரவில்லை என்கிறார். தெய்வம் சாதிப்பது சான்ட்விச் அளவுக்குத்தான். மீதியெல்லாம் ஆளின் பொறுப்பு. பிற்பாடு வரப்போகும் முக்கியமான சாவுக்கு இது ஒத்திகை என்று முதல் தடவை பார்க்கும்போது பிடிபடாது.

எமதூதனுக்கும் சன்னிக்கும் இடையிலான காதல் நாயகன் நாயகி காதலைவிட நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம். நடித்தவர்கள் லீ தொங்உக்கும் யூ இன்னாவும். அவனுக்குப் பெயர் கிடையாது. கோழி வறுவல் கடைக்காரியான சன்னி பெயர் கேட்டதும் திகைத்துப் போய், ஒரு நடிகரின் பெயரை எடுத்துவிடுகிறான். ஊரெல்லாம் பெயர் போட்ட சீட்டு தூக்கி அலைகிறவனுக்குத் தன் பெயர் தெரியவில்லை! கையைத் தொட்டால் மற்றவரின் முற்பிறவி தெரியும், தன்னுடையது தெரியாது. சன்னி முற்பிறவியில் கிம் ஷினின் தங்கை, அரசி. தூதன்தான் அவளைக் கொல்ல ஆணையிட்ட மன்னன் வாங் யோ. அந்தக் குற்றத்தைத் தாங்காமல் விஷம் குடித்துச் செத்தவன். ஞாபகம் திரும்பும்போது அவன் முகம் ஒரு நொடியில் வயதாகிவிடுகிறது. லீ தொங்உக் கண்ணை மட்டும் வைத்தே அதைச் செய்திருக்கிறார்.

தூதர்கள் எல்லோருமே முற்பிறவியில் தங்கள் உயிரைத் தாங்களே போக்கிக்கொண்டவர்கள் என்பது மெதுவாக வெளிப்படும். ஓஈசிடி என்ற பொருளாதாரக் கூட்டமைப்பின் நாடுகளிலேயே தற்கொலை விகிதம் மிக அதிகமாக உள்ள தேசத்தில், வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும் குடும்பங்களுக்கு இப்படி ஒரு சட்டம் எழுதுவது கத்திமேல் நடப்பது. அதைப் 'பெரும்பாவம்' என்றே தொடர் குறிக்கிறது. அந்தச் சொல் உறுத்துகிறது, உறுத்தத்தான் வேண்டும். வேதனையில் போனவர்களைப் பாவிகள் என்று பட்டியல் போடுவதற்கு நாடகம் தேவையில்லை. ஒரே ஆறுதல், தண்டனையின் வடிவம். நரகம் கிடையாது. பெயரில்லாமல், ஞாபகமில்லாமல், நாள்தோறும் மற்றவர் சாவைப் பார்த்துக்கொண்டு, மறுபடி ஒரு பெயருக்கும் ஒரு வாழ்க்கைக்கும் ஏங்கும்வரை வேலை. ஏங்கினால் விடுதலை. சட்டத்தை எழுதிய கைக்குள் இரக்கமும் கொஞ்சம் இருந்திருக்கிறது.

தவறிய இடங்களும் உண்டு, சிறிய தவறுகள் இல்லை.

முதலாவது வயது. உன்தக் கதை தொடங்கும்போது பள்ளி இறுதியாண்டு மாணவி, 19 வயது. அது கொரியக் கணக்கு. பிறக்கும்போதே ஒன்று, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று. (அரசாங்கக் காரியங்களுக்கு அந்த முறையை 2023 ஜூனில் கைவிட்டார்கள்.) நம் கணக்கில் அவளுக்கு 18 நிறைந்ததும் கதை சூடுபிடிக்கிறது. 939 என்ற எண்ணை வைத்து வேடிக்கை காட்டி, கொங் யூவுக்கும் உன்தக்காக நடித்த கிம் கோஉன்னுக்கும் நிஜத்தில் இருக்கும் 12 வயது இடைவெளியையும் சீருடையையும் மறைக்கப் பார்க்கிறார்கள். மறையவில்லை. ஒளிபரப்பானபோதே கொரியாவில் இதைப் பலரும் கேட்டார்கள். ஒன்பது ஆண்டு தாவிப்போய் 29 வயதில் மறுபடி சேர்த்துவைப்பது கதையின் தேவை மட்டுமில்லை, இந்தச் சங்கடத்துக்கு எழுத்தாளர் வைத்திருந்த மருந்தும் அதுதான் என்று தோன்றுகிறது. தாமதமான மருந்து. அவள் அவனை 'அஜோஷி' என்றே கூப்பிடுகிறாள். அறிமுகமில்லாத நடுவயது ஆணைக் கூப்பிடும் சொல். சப்டைட்டிலில் 'மிஸ்டர்' என்று வந்து அந்த இடைவெளியைப் பூசி மெழுகிவிடுகிறது. மூல ஒலியில் கேட்டால் ஒவ்வொரு முறையும் அது காதில் தட்டும்.

இரண்டாவது, பார்க் ஜுங்ஹன். 900 ஆண்டுகளாகத் தூதர்களுக்குத் தப்பி அலையும் ஆவியாக, கறுத்த நாக்கோடு அவன் திரும்பி வந்ததும் தொடரின் சுதி மாறிவிடுகிறது. அதுவரை சாவுக்கு எதிரி கிடையாது, சட்டம்தான் உண்டு. சட்டத்தோடு சண்டை போட முடியாது என்பதே துயரம். வில்லன் வந்ததும் சாவு குத்திக் கொல்லக்கூடிய ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. 13ஆம் பகுதியில் உன்தக்கின் கையைப் பிடித்து வாளை உருவி, அதாலேயே அவனை வெட்டிவிட்டு, கிம் ஷின் சாம்பலாகிறான். காட்சி பிரமாதம். ஆனால் அவன் சாவதற்குக் காதல் போதாதென்று ஒரு பழிவாங்கல் தேவைப்பட்டது, அது ஏமாற்றமே.

மூன்றாவது, விளம்பரம். உருக்கமான காட்சி நடுவே சான்ட்விச் கடையும் காபிக் கடையும் லோகோவோடு வந்து நிற்கும். கொரியத் தொடர்களின் தயாரிப்புச் செலவு இப்படித்தான் தேறுகிறது, புரிகிறது. பழகியவர்கள் அதைத் தண்ணீர் குடிக்கும் இடைவேளையாக வைத்துக்கொள்வார்கள்.

பார்க்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. ஒரே மூச்சில் ஓட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு பகுதியும் ஒரு மணி நேரத்துக்கு மேல். முதல் ஆறு பகுதிகளில் சிரிப்புதான் அதிகம்; அங்கே அவசரப்பட்டால் பின்னால் வரும் காகிதங்கள், மோதிரங்கள், கோப்பைகள் எதுவும் ஞாபகத்தில் நிற்காது. 13ஆம் பகுதி முடிந்ததும் கட்டாயம் நிறுத்துங்கள். மூல ஒளிபரப்பில் மறுநாள் 14ஆம் பகுதி வரவில்லை, சிறப்பு நிகழ்ச்சி ஒன்று போட்டார்கள். நாயகன் சாம்பலாகிக் கரைந்த நிலையில் ஒரு வாரம் ஊரே காத்திருந்தது. அந்த ஒரு வாரம் கதையின் பாகம். 'அடுத்த பகுதி' பொத்தானை அழுத்தினால் அது தொலைந்துபோகும்.

அந்த 14ஆம் பகுதியில்தான் தொடர் தன் சட்டத்தையே சோதிக்கிறது. அவன் மறைந்ததும் அவனைப் பற்றிய ஞாபகத்தை எல்லோரிடமிருந்தும் தெய்வம் துடைக்கிறது. ஞாபகம் கரைந்து போவது தெரிந்து, உன்தக் கொட்டும் மழையில் நோட்டில் அவசர அவசரமாக எழுதுகிறாள்: பெயர் கிம் ஷின், அவன் மழையாக வருவான், முதல் பனியாக வருவான். எழுதி முடிப்பதற்குள் ஏன் அழுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியாமல் போகிறது. ஒன்பது ஆண்டுகள் காரணம் தெரியாத துக்கத்தோடு வானொலியில் வேலை பார்க்கிறாள். தெய்வம் மூளையைத் துடைத்தது, நோட்டைத் துடைக்கவில்லை. ஓட்டை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் இந்த ஓட்டைக்கு முன்பே அடித்தளம் போட்டாகிவிட்டது. அவளுக்கும் அவனுக்கும் இடையில் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் உண்டு. ஆண்டுதோறும் முதல் பனி விழும் நாளில் அவள் அழைத்தால் அவன் வரவேண்டும் என்று அதில் ஒரு ஷரத்து. கொரியர்களுக்கு முதல் பனி வெறும் வானிலைச் செய்தி கிடையாது. காதலர்கள் அன்றைக்குச் சந்திப்பதாக வாக்குக் கொடுத்துக்கொள்வார்கள், சொல்லாத காதலைச் சொல்வார்கள். விளையாட்டாக எழுதிய அந்தக் கிறுக்கலை, சாவுக்கும் உயிருக்கும் நடுவே பாலைவெளியில் நடந்துகொண்டிருக்கும் அவன் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறான். அவள் மெழுகுவத்தியை ஊதுகிறாள் (தீயை ஊதி அணைப்பதுதான் அவள் அவனை அழைக்கும் முறை), அவன் எதிரில் நிற்கிறான். கூரைமேல் ஏறி மூன்று முறை கூவிய அந்தப் பழைய அழைப்பு, இந்த ஒரே ஒரு முறை பலிக்கிறது.

பிறகு கல்யாணம், பக்வீட் வயல், கொஞ்சம் நிம்மதி. அதோடு முடித்திருந்தால் நல்ல வியாபாரம். பத்தாண்டு கழித்து யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். 16ஆம் பகுதியில் தடுப்பு விலகிய லாரி ஒன்று சரிவில் இறங்கி, மழலையர் பள்ளி வண்டியை நோக்கிப் போகிறது. உன்தக் தன் காரைக் குறுக்கே நிறுத்துகிறாள். அவளுக்கு அன்றைக்குச் சீட்டு கிடையாது. குழந்தைகளுக்குத்தான் இருந்தது. ஒரு மனிதர் இன்னொருவருக்காக நொடியில் எடுக்கும் முடிவு தெய்வத்தின் கணக்கிலேயே வராது என்கிறது தொடர். கணக்கில் விடுபட்டுப் பிறந்தவள், கணக்கில் இல்லாமலே போகிறாள். சொல்லிக்கொடுத்த விடையை எழுதாத அந்தப் பாரிஸ் பையனின் இனம் அவள்.

இப்போது மறுபடி அந்த அறை. இத்தனை நாள் ஒரே வீட்டில் குடியிருந்து, சோற்றுக்கும் தொலைக்காட்சிக்கும் சண்டை போட்ட தூதன்தான் அவளுக்குக் கோப்பையை நகர்த்த வேண்டும். நகர்த்துகிறான், கண்ணைப் பார்க்க முடியாமல். வேண்டாம் என்கிறாள். குடிக்காமல் போனால் அடுத்த பிறவிக்கு இந்தப் பிறவியின் பாரமும் கூட வரும். அது குற்றவாளிகளுக்குக் கொடுக்கும் தண்டனை என்று இதே அறையில் நாம் பார்த்திருக்கிறோம். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறாள். கிம் கோஉன் இந்த இடத்தில் கதறுவதும், சிரிக்க முயன்று தோற்பதும் ஒரே மூச்சில் நடக்கும். கிம் ஷின் 900 ஆண்டு சுமந்ததை இனி அவளும் பாதி சுமப்பாள். எத்தனையோ "உன்னைக் காதலிக்கிறேன்"கள் வருகிற இந்தத் தொடரில், காதல் என்று ஒப்புக்கொள்ளக்கூடிய செயல் ஒன்றே ஒன்றுதான், ஒரு கோப்பையைத் தள்ளிவைப்பது.

சன்னி எவரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டுப் போய், அந்தப் பிறவி முழுக்கத் தூதனைச் சந்திக்காமலே வாழ்ந்து முடிக்கிறாள். மன்னிக்க முடியாதவனைக் காதலித்ததற்கு அவள் தனக்கே விதித்துக்கொண்டது. அவனுடைய கடைசிச் சீட்டில் இருப்பது அவள் பெயர். இருவரும் கைகோத்துப் படியேறிப் போகிறார்கள். அடுத்த பிறவியில் அவன் போலீஸ் துப்பறிவாளன், அவள் நடிகை, பழைய ஞாபகம் துளியும் இல்லை. ஒரு ஜோடி மறந்ததால் சேர்கிறது, இன்னொரு ஜோடி மறக்க மறுத்ததால். இரண்டில் எது சரி என்று தொடர் தீர்ப்பு எழுதவில்லை.

கடைசிக் காட்சி கியூபெக் குன்று. கல்லறைகளுக்குப் பக்கத்தில் கிம் ஷின் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறான். பள்ளிச் சீருடையில் சுற்றுலா வந்த பெண் ஒருத்தி மேட்டில் ஏறி வந்து, "அஜோஷி, நான் யாரென்று தெரிகிறதா?" என்கிறாள். இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் அழுவது மகிழ்ச்சியில். ஆனால் நான்கு பிறவி என்று சட்டம் இருக்கிறது, அவன் இன்னும் சாகாதவனாகவே இருக்கிறான், அவளிடம் எல்லா ஞாபகமும் இருக்கிறது. இந்தப் பிறவியும் ஒருநாள் தேநீர் அறையில்தான் முடியும், அடுத்ததும். ஒவ்வொரு முறையும் கோப்பையை மறுத்துவிட்டு அவள் ஓடி வரவேண்டும், ஒவ்வொரு முறையும் அவன் அதே மேட்டில் காத்திருக்க வேண்டும். கேமரா அவர்கள் முகத்திலேயே நிற்கிறது. பின்னால் கற்கள் வரிசையாக இருக்கின்றன, பக்கத்தில் புல்தரை இன்னும் நிறையக் காலியாகக் கிடக்கிறது.